நிறுவன மெயிலுக்குச் சொந்த சர்வரா, சந்தாச் சேவையா?

2025 அக்டோபர் 14 அன்று நிறுவனங்கள் சொந்தமாக வைத்து நடத்தும் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் சர்வரின் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் ஆதரவுக் காலம் முடிந்தது. மறுநாளும் அந்த சர்வர்கள் வழக்கம்போல ஓடின; மெயில் வந்தது, போனது. அதனாலேயே பல இடங்களில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். இனியும் தள்ள முடியாது என்பவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சின் புதிய சந்தாப் பதிப்புக்கு மாறலாம். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் நிரல்), டவ்காட் (மெயில்பாக்ஸ்களை வைத்திருக்கும் நிரல்) இரண்டையும் போட்டு நாமே நடத்தலாம். மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ மெயில் போன்ற ஒன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டிவிட்டு சர்வர் அறையையே மறந்துவிடலாம்.

இந்த மூன்றையும் முழுப் பொட்டலமாக வைத்து விலை, வசதி, பாதுகாப்பு என்று அட்டவணை போடுவதுதான் வழக்கம். அந்த அட்டவணையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் ஜெயிக்கும். முடிவு மட்டும் கிடைக்காது. மெயில் சர்வர் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அது பார்ப்பது மூன்று வேலை: வெளியிலிருந்து வருவதை வாங்குவது, வாங்கியதைப் பத்திரமாக வைத்திருப்பது, நம்மிடமிருந்து போவதை எதிராளியின் இன்பாக்ஸில் சேர்ப்பது. இந்த மூன்றின் சிரமமும் ஒரே அளவு கிடையாது. மூன்றையும் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாங்குவது எளிது, அனுப்புவதுதான் பாடு

வருவதை வாங்குவதில் பலர் பயப்படும் அளவுக்கு ஆபத்து இல்லை. எதிர்முனை சர்வர் சில நேரம் விழுந்து கிடக்கும் என்பதை எதிர்பார்த்தே, சர்வர்கள் மெயிலைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான எஸ்எம்டிபியை உருவாக்கியிருக்கிறார்கள். அனுப்பும் சர்வர் உடனே கைவிடக் கூடாது, 4 முதல் 5 நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்கிறது அதன் விதிமுறை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் கொஞ்சம் அவசரக்காரர், 2 நாளில் திருப்பி அனுப்பிவிடும். எப்படியானாலும் ராத்திரி சர்வர் படுத்துக் காலையில் எழுந்தால் ஆட்கள் கத்துவார்களே தவிர மெயில் தொலைந்துபோகாது.

அனுப்புவது அப்படி அல்ல. நம் மெயிலை ஏற்பதா, ஸ்பேமில் தள்ளுவதா என்பதை ஜிமெயிலும் அவுட்லுக்கும் யாஹூவும்தான் முடிவு செய்கின்றன. நம் கையில் இருப்பது தகுதியைக் காட்டுவது மட்டும். சர்வரின் ஐபி முகவரிக்கு (இணையத்தில் அதன் எண்) உரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு சரியாக இருக்க வேண்டும். எந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம், இந்தச் சோதனைகளில் தோற்றதை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றும் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் பொது விவரப் பட்டியலில்) இருக்க வேண்டும். ஒருகாலத்தில் இவை இருந்தால் நல்லது என்ற நிலை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதற்குக் கீழே அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது.

ரெக்கார்டுகளை எழுதுவது அரைநாள் வேலை. அதற்குப் பிறகுதான் பாடு. புதிதாக எடுத்த ஐபி முகவரி, ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி: தப்பு எதுவும் செய்திருக்கமாட்டார், ஆனாலும் யாரும் கடன் தரமாட்டார்கள். அக்கம்பக்கத்து ஐபியில் யாராவது ஸ்பேம் அனுப்பினால் அந்த வரிசை முழுவதையுமே சில தடைப்பட்டியல்கள் சேர்த்துப் பிடிக்கும். மேகத்தில் (கிளவுடில்) சர்வர் எடுத்தாலும் அமேசான், கூகுள், அஷூர் மூன்றுமே பெரும்பாலான கணக்குகளுக்கு மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. இதைவிடப் பெரிய தொல்லை உள்ளிருந்து வரும். ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடுபோய், விடிவதற்குள் நம் சர்வரிலிருந்தே ஆயிரக்கணக்கில் ஸ்பேம் போய்விட்டால், காலையில் கணக்குப் பிரிவு அனுப்பும் இன்வாய்ஸ் எதுவும் போய்ச் சேராது. பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லி ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் எரிச்சலூட்டுவது, தெரியாமலேயே நடப்பது. எதிர்முனை மெயிலை ஏற்றுக்கொண்டு "250 ஓகே" சொல்லிவிட்டு ஸ்பேம் ஃபோல்டரில் போட்டால் நம் லாகில் எல்லாமே வெற்றி என்றுதான் இருக்கும். வாடிக்கையாளர் போன் செய்து "கொட்டேஷன் வரவே இல்லையே" என்று கேட்கும்போதுதான் விஷயம் புரியும். பலர் கேட்கக்கூட மாட்டார்கள், வேறொருவரிடம் வாங்கிவிடுவார்கள்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும், சொந்த சர்வரிலிருந்து நேரடியாக உலகத்துக்கு மெயில் அனுப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த ஒரு வேலையை மட்டும் நம் மெயிலை வாங்கித் தன் சர்வர்கள் வழியாக அனுப்பும் அமேசான் எஸ்இஎஸ் போன்ற ரிலே சேவையிடம் விட்டுவிடலாம். போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிலேஹோஸ்ட்' என்ற ஒரு வரியும் அதற்கான பாஸ்வேர்டு கோப்பும் போதும். எக்ஸ்சேஞ்சில், மெயில் வெளியே போகும் வழியைத் தீர்மானிக்கும் செண்ட் கனெக்டரை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எஸ்பிஎஃப் ரெக்கார்டு 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது. ரிலே, செய்திமடல் சேவை, ஊதியச் சேவை என்று ஒவ்வொன்றுக்கும் 'இன்க்ளூட்' (அவர்கள் பட்டியலையும் பார் என்ற குறிப்பு) சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் 11-ஐத் தொடும், அன்றைக்கு எஸ்பிஎஃப் முழுவதுமே செல்லாமல் போகும். செய்திமடல்களுக்கு ஒரு துணை டொமைனைக் கொடுத்துப் பிரித்துவிடுவது நல்லது.

எக்ஸ்சேஞ்ச் சந்தாப் பதிப்பு

இந்தப் பதிப்பு 2025 ஜூலையில் வெளிவந்தது. 2019-இன் கடைசி அப்டேட்டுகள் போட்ட சர்வரில் அப்படியே மேலே நிறுவலாம். முதல் வெளியீட்டில் புது வசதி என்று பெரிதாக எதுவும் இல்லை. மாறியது லைசென்ஸ்தான். சந்தாவோ சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற பராமரிப்பு ஒப்பந்தமோ தொடர்ந்து இருந்தாக வேண்டும். "ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம்" என்பதுதான் சொந்த எக்ஸ்சேஞ்சுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட பெரிய வாதம். அது இப்போது இல்லை.

அதன் பலத்தையும் சொல்ல வேண்டும். அவுட்லுக், பகிர்ந்த காலண்டர், முதலாளியின் மெயிலைச் செயலாளர் அவர் சார்பில் பார்ப்பது, மீட்டிங் அறையை முன்பதிவு செய்வது ஆகியவற்றில் இதற்கு ஈடாகச் சொந்தமாக நடத்தக்கூடிய வேறொன்று இல்லை. இணையம் அறுந்தாலும் உள்ளுக்குள் மெயில் ஓடும். இணையத்தோடு தொடர்பே இல்லாத வலையமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தரவுத்தளத்தின் பிரதிகளை 16 சர்வர்கள் வரை வைத்துக்கொள்ளும் டிஏஜி வசதி நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் இதைப் பராமரிப்பது முழுநேர வேலை. மெயில்பாக்ஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச நினைவகமே 128 ஜிபி. நிறுவும்போது, நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமாவை (தரவுக் கட்டமைப்பை) விரிக்கும். அதைத் திரும்பச் சுருக்க வழி கிடையாது. ஒவ்வொரு மாற்றத்தையும் 1 எம்பி அளவுள்ள லாக் கோப்புகளாக எழுதிக்கொண்டே போகும், பேக்கப் வெற்றிகரமாக முடிந்தால்தான் அவற்றை அழிக்கும். பேக்கப் சில நாள் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தால் வட்டு நிரம்பித் தரவுத்தளம் தானாகவே இறங்கிவிடும். புதிதாகப் பொறுப்பேற்கும் அட்மின்கள் அந்த லாக் கோப்புகளைக் கையால் அழித்து இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. இன்னும் தரவுத்தளத்தில் ஏறாத மாற்றங்கள் அவற்றில் இருக்கலாம்.

2022 ஜனவரி 1 நினைவிருக்கிறதா? மால்வேர் வடிகட்டி தன் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்து 2201010001 என்று எழுதியது. 32 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய அதிகபட்சம் 2147483647. வடிகட்டி விழுந்தது, உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில் க்யூவில் தேங்கியது. சரிசெய்யும் ஸ்கிரிப்டை புத்தாண்டு விடுமுறையில் அட்மின்கள்தான் வந்து ஓட்ட வேண்டியிருந்தது. சந்தாச் சேவையில் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அதைவிடப் பெரியது 2021 மார்ச் 2. ப்ராக்ஸிலாகன் என்று பெயர் பெற்ற எக்ஸ்சேஞ்ச் ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டது. சில நாட்களுக்குள் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான சர்வர்களில் அத்துமீறியவர்கள் வெப்ஷெல் என்ற பின்கதவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேட்ச் போட்டாலும் ஏற்கெனவே வைத்த பின்கதவு போகாது. அமெரிக்காவில் எஃப்பிஐ நீதிமன்ற அனுமதி வாங்கி நூற்றுக்கணக்கான தனியார் சர்வர்களில் தானே புகுந்து அவற்றை நீக்க வேண்டிவந்தது. பேட்ச் வந்த சில மணிநேரத்தில் அதைப் போடக்கூடிய ஆள் உங்களிடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதரவு முடிந்த 2016-ஐ இன்னும் இணையத்தில் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகூடப் பொருந்தாது. போட வழக்கமான பேட்ச் வந்தால்தானே?

லினக்ஸ் வழி

போஸ்ட்ஃபிக்ஸ் 1998-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சா வெனெமா எழுதியது. அனுமதிகளைப் பிரித்துச் சின்னச் சின்ன நிரல்களாக அமைத்த அதன் வடிவமைப்பு இன்றைக்கும் அசராமல் நிற்கிறது. மெயில்பாக்ஸுக்கு டவ்காட், ஸ்பேம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, உலாவியில் பார்க்க ரவுண்ட்க்யூப், காலண்டரும் வேண்டுமென்றால் சோகோ. தனித்தனியாகக் கோக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மெயில்கவ், ஐரெட்மெயில் போன்ற தொகுப்புகள் இருக்கின்றன. மெயில்கவ் கேட்பது 6 ஜிபி நினைவகம். எக்ஸ்சேஞ்சின் 128-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மெயில்டிர் என்ற சேமிப்பு முறை. ஒரு மெயில், ஒரு கோப்பு. யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால், பேக்கப்பிலிருந்து அந்த டைரக்டரியை மட்டும் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. தரவுத்தளத்தை வேறிடத்தில் ஏற்றி, அதிலிருந்து ஒருவரின் மெயில்பாக்ஸைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்சேஞ்ச் சடங்கெல்லாம் இல்லை. அமைப்புகள் எல்லாமே உரைக்கோப்புகள் என்பதால் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் போட்டு, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் விஷயத்திலும் இந்த வழிதான் முன்னால் நிற்கிறது. இணைப்பை மறையாக்கப் பயன்படும் டிஎல்எஸ் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாளாகிவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வருக்கு இது ஒரு செய்தியே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை கையால் சான்றிதழ் ஏற்றிப் பழகியவர்கள்தான் இப்போதே ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

பலவீனம் இரண்டு. காலண்டர் ஒன்று. சோகோ நல்ல நிரல்தான், ஆனால் அவுட்லுக்கிலேயே வாழ்க்கையைக் கழித்த மேலாளர்களிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் வாரத்திலேயே புகார் வரும். மெயில் மட்டும் போதும், மீட்டிங்கை வேறெங்காவது பார்த்துக்கொள்கிறோம் என்கிற நிறுவனங்களுக்கு இது பொருட்டல்ல. மற்றது ஆள். மென்பொருள் இலவசம், தெரிந்த ஆள் இலவசம் இல்லை. அந்த ஆள் ஒருவர்தான் என்றால் அவர் விடுப்பில் போகும்போதெல்லாம் நிறுவனத்தின் மெயில் அநாதை.

இதற்கு அண்மைய உதாரணம் இருக்கிறது. டவ்காட் 2.4 வந்தபோது அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறியது; 2.3-க்கு எழுதிய கோப்பு அதில் ஓடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் இருப்பது 2.4. வழக்கமான அப்கிரேடுதானே என்று கட்டளையைத் தட்டிவிட்டவர்களுக்கு மறு தொடக்கத்தில் ஐமேப் (பயனர்கள் மெயிலைப் படிக்க உதவும் சேவை) எழவில்லை. இரண்டு சர்வர்களுக்கு இடையே மெயிலை உடனுக்குடன் ஒத்திசைத்துவந்த ரெப்ளிகேட்டரும் அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது. அதை நம்பி இரட்டைச் சர்வர் வைத்திருந்தவர்கள் திட்டத்தையே மாற்ற வேண்டிவந்தது. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும் பழக்கமுள்ள அட்மினுக்கு இவை சமாளிக்கக்கூடியவை. அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் இந்த வழியை ஒப்படைக்காதீர்கள்.

சந்தாச் சேவை

அனுப்புவதில் உள்ள தலைவலி இங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டுகளை நாம்தான் போட வேண்டும், ஆனால் ஐபியின் பெயரைக் காப்பாற்றுவது அவர்கள் பாடு. பேட்ச், வட்டு, சான்றிதழ் எல்லாம் அவர்கள் பாடு. முழுநேர அட்மின் இல்லாத நிறுவனம் என்றால் நான் இரண்டாவது யோசனை இல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

விற்பவர்கள் சொல்லாமல் விடுவது பேக்கப்பைப் பற்றி. சேவை விழாமல் இருப்பது வேறு, நாம் அழித்ததைத் திரும்பத் தருவது வேறு. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒருவர் நிரந்தரமாக அழித்த மெயில் இயல்பாக 14 நாள் இருக்கும், நீட்டினால் 30 நாள். ஜிமெயிலில் குப்பைத்தொட்டியில் 30 நாள், அதற்குப் பிறகு அட்மின் மீட்க 25 நாள். பயனர் கணக்கையே நீக்கிவிட்டால் மைக்ரோசாஃப்டில் 30 நாள், கூகுளில் 20 நாள் மட்டுமே அவகாசம். நடைமுறையில் என்ன ஆகிறது? ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், லைசென்ஸை மிச்சப்படுத்த அதே வாரம் கணக்கை நீக்குகிறார்கள், மூன்று மாதம் கழித்து வழக்கறிஞர் பழைய ஒப்பந்தம் பற்றிய மெயிலைக் கேட்கிறார். மைக்ரோசாஃப்டில் அந்தக் கணக்கைப் பகிர்வு மெயில்பாக்ஸாக மாற்றிவிட்டால் 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலேயே வைத்திருக்கலாம். இது தெரியாமல் நீக்குபவர்கள்தான் அதிகம். எப்படியானாலும் வேறொரு நிறுவனத்திடம் தனி பேக்கப் வைத்துக்கொள்வதற்கான செலவையும் சந்தாவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒதுக்கீட்டு வரம்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வொர்க்ஸ்பேஸில் ஒருவர் ஒரு நாளில் 2,000 மெயில்தான் அனுப்பலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு நாளுக்கு 10,000 பெறுநர்கள், நிமிடத்துக்கு 30 மெயில். மனிதர்களுக்கு இது தாராளம். மாதக் கடைசியில் எல்லா வாடிக்கையாளருக்கும் பில் அனுப்பும் இஆர்பி (நிறுவன நிர்வாக) மென்பொருளுக்குப் போதாது, அதற்கும் ரிலேதான். பழைய ஸ்கேனர்களும் பிரிண்டர்களும் வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் அனுப்புபவை. அந்த முறையைப் பெரிய சேவைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதால், மாறும் முன் எத்தனை இயந்திரங்கள் அப்படி இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள்.

பெரிய நிறுவனத்திடம் போனால் முழுப் பாதுகாப்பு என்ற நினைப்பும் வேண்டாம். 2023-இல் ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட குழு, மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சாவி (உள்நுழைவு அனுமதிகளை உறுதிசெய்யும் ரகசியக் குறி) ஒன்றைக் கைப்பற்றிச் சுமார் 25 அமைப்புகளின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில்களைப் படித்தது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் பக்கத்தில் செய்திருக்கக்கூடியது அதிகம் இல்லை. அதேசமயம் இடைத்தரகராக எக்ஸ்சேஞ்ச் வாங்கி வாடகைக்கு விடும் சேவைகளின் நிலை இன்னும் மோசம். 2022 டிசம்பரில் ரேக்ஸ்பேஸின் ஹோஸ்டட் எக்ஸ்சேஞ்சை ரேன்சம்வேர் தாக்கியது. அந்தச் சேவையையே அந்த நிறுவனம் நிரந்தரமாக மூடிவிட்டு வாடிக்கையாளர்களை மைக்ரோசாஃப்ட் 365-க்கு அனுப்பியது. சந்தாதான் என்று முடிவானால் மூலச் சேவையையே எடுங்கள்.

யாருக்கு எது

முழுநேர அட்மின் இல்லையா, சந்தாச் சேவை. தரவு நம் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டமோ ஒப்பந்தமோ சொல்கிறதா, லினக்ஸ் தெரிந்த இருவராவது இருக்கிறார்களா, காலண்டர் பெரிய தேவை இல்லையா, அப்படியென்றால் லினக்ஸில் வைத்துக்கொண்டு ரிலே வழியாக அனுப்புங்கள். ரிலே வழியாகப் போகும் மெயில் அந்தச் சேவையை நடத்துபவர்கள் கை வழியாகத்தான் போகும் என்பதை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் சந்தாப் பதிப்பு, ஏற்கெனவே அதில் ஊறியவர்களுக்கு: அதோடு நேரடியாகப் பேசும் சொந்த மென்பொருள் இருப்பவர்கள், விண்டோஸ் குழு வைத்திருப்பவர்கள், மூடிய வலையமைப்பு நடத்துபவர்கள். புதிதாக மெயில் அமைக்கும் யாரும் இன்றைக்கு அங்கே தொடங்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊழியர்களில் பாதிப்பேர் சம்பளச் சீட்டும் அறிவிப்பும் மட்டுமே பெறுகிறவர்கள் என்றால், அவர்களை லினக்ஸிலும் மற்றவர்களைச் சந்தாவிலும் ஒரே டொமைனின் கீழ் பிரித்து வைக்க முடியும். சந்தா மிச்சமாகும். ஆனால் ஒரு மெயில் வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் இரண்டாகிவிடும். சேவைகளின் மலிவான சின்ன மெயில்பாக்ஸ் திட்டங்களை முதலில் விசாரித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

டொமைன் மட்டும் எந்த வழியிலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவாளர் கணக்கு நிறுவனத்தின் பெயரில், இருவருக்காவது அணுகலோடு, அந்த டொமைனில் இல்லாத ஒரு மெயில் முகவரியில் இருக்கட்டும். இணையதளம் செய்துகொடுத்தவரின் கணக்கில் இருக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி ஜோஹோவின் டொமைனையே அதன் பதிவாளர் முடக்கியபோது, சேவை நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தும் உலகெங்கும் பயனர்கள் உள்ளே போக முடியாமல் நின்றார்கள்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான், அதற்குச் செலவும் இல்லை. இப்போதைய டொமைனுக்கு டிமார்க் ரெக்கார்டை 'நன்' நிலையில் (எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் கேட்கும் நிலை) போட்டு, அறிக்கைகள் ஒரு மெயில்பாக்ஸுக்கு வரும்படி செய்யுங்கள். சில வாரங்களில் உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று தெரிந்துவிடும்: இணையதளத்தின் தொடர்புப் படிவம், ஊதியச் சேவை, யாரும் நினைவில் வைத்திராத கண்காணிப்பு ஸ்கிரிப்ட். அந்தப் பட்டியல் கைக்கு வந்தபிறகு நம் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடிக்குக் குறைத்துவிட்டு, இடமாற்றத் தேதியைக் குறியுங்கள்.